சாலையில் வளர்ந்த இசைமேதை

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

மேதை பிறக்கிறானா, உருவாக்கப்படுகிறானா? நம் கல்லூரிப் பட்டிமன்றங்களில் பலமுறை அலசப்பட்ட தலைப்பு இது. ஒவ்வொரு முறையும் இரு அணியினரும் முழங்கினார்கள். நடுவர் இரண்டுமே உண்மை என்று தீர்ப்பளித்தார். நாமும் கைதட்டிக் கலைந்தோம். சொல்லால் வாதிடுவதை விட்டு, ஒரு மேதையின் வாழ்நாளை எடுத்து வைத்து, அதன் ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால் ஏதேனும் விடை கிடைக்காதா என்று எனக்கு ஓர் ஆசை எழுந்தது. அதற்கு நான் தேர்ந்தெடுத்தவர் மேலைநாட்டு இசையின் முடிசூடா மன்னரான வோல்ப்காங் அமடேயுஸ் மொசார்ட்.

மொசார்ட் வாழ்ந்தது முப்பத்தாறு ஆண்டுகள்கூட இல்லை. அந்தச் சிறிய வாழ்நாளில் பத்து ஆண்டுகளுக்கு மேல் அவர் பயணத்திலேயே கழித்திருக்கிறார்! நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமான காலம் குதிரை வண்டியிலும், விடுதி அறைகளிலும், பெருமக்கள் மாளிகையின் காத்திருப்புக் கூடங்களிலும் கழிந்திருக்கிறது. இதை முதன்முதலாக அறிந்தபோது நான் திகைத்துப் போனேன். மேதை என்றால் தனியறையில் அமர்ந்து, வானத்தை நோக்கி, மனத்துள் எழும் இசையை எழுதுபவர் என்றன்றோ நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம்!

நான் இசை கற்றவன் அல்லன். அவருடைய சிம்பொனிகளின் நுட்பத்தை ஆராய எனக்குத் தகுதியில்லை. ஊர் ஊராகச் சென்று வாசித்துப் பிழைத்த ஒரு கலைஞரின் கதையை, ஒரு வரலாற்று மாணவன் என்ற முறையில், கால வரிசைப்படி சொல்வதே என் நோக்கம்.

தந்தையும் இரு குழந்தைகளும்

1756 ஜனவரி 27 அன்று சால்ஸ்பர்க் நகரில் மொசார்ட் பிறந்தார். இன்று ஆஸ்திரியாவில் உள்ள அந்நகரம் அன்று தனி நாடு. சமயத் தலைவரான பேராயரே அங்கு அரசரும் ஆவார். அவருடைய அரண்மனை இசைக்குழுவில் வயலின் வாசித்தவர் மொசார்ட்டின் தந்தை லியோபோல்டு. மகன் பிறந்த அதே 1756-ஆம் ஆண்டில், வயலின் பயிற்சி பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்து நல்ல பெயர் பெற்றது. இசையறிவும் உலக அறிவும் ஒருங்கே பெற்ற மனிதர் அவர்.

லியோபோல்டுக்கும் அவர் மனைவி அன்னா மரியாவுக்கும் குழந்தைகள் எழுவர். ஆனால் பிழைத்தவர்கள் இருவரே. 1751-இல் பிறந்த மகள் மரியா அன்னாவை வீட்டில் நான்னெர்ல் என்று செல்லமாக அழைப்பர். அவளுக்கு நான்கரை ஆண்டுகள் இளையவன் வோல்ப்காங். நான்னெர்லுக்கு ஹார்ப்சிகார்டு என்னும் விசைப்பலகைக் கருவியைத் தந்தை கற்பித்தபோது, அருகில் நின்று கேட்ட சிறுவன் தானே விசைகளைத் தட்டி, இனிமையாய் ஒலிக்கும் சுரங்களைத் தேடிக் கண்டுபிடித்து மகிழ்வானாம். விளையும் பயிர் முளையிலேயே தெரிந்தது.

இக்குழந்தைகள் பள்ளிக்குச் சென்றதில்லை. எழுத்தும் கணக்கும் மொழிகளும் இசையும் தந்தையிடமே கற்றார்கள். தம் குழந்தைகளின் திறமை இறைவன் அருளிய அதிசயம் என்றும், அதை உலகுக்குக் காட்டுவது தம் கடமை என்றும் லியோபோல்டு உறுதியாக நம்பினார். அந்நம்பிக்கையில் பக்தி எவ்வளவு, பொருளாசை எவ்வளவு என்று அளந்து சொல்ல யாரால் இயலும்? இரண்டும் கலந்தே இருந்தன என்பதே என் எண்ணம்.

முதல் பயணங்கள்

1762 ஜனவரியில் மூனிச் நகருக்கு முதல் பயணம். பவேரியாவின் ஆட்சியாளர் முன்னிலையில் குழந்தைகள் வாசித்தார்கள். அப்போது வோல்ப்காங்கிற்கு வயது ஆறு! அதே ஆண்டு செப்டம்பரில் குடும்பம் முழுவதும் வியன்னாவுக்குப் புறப்பட்டது. வழியில் பாசாவ் நகரத்து ஆயர் அவர்களை ஐந்து நாட்கள் காத்திருக்க வைத்தார். பிறகு சிறுவனின் வாசிப்பைக் கேட்டு ஒரே ஒரு டுகாட் பொற்காசு கொடுத்தனுப்பினார். பெருமக்களின் கருணை எவ்வளவு நிச்சயமற்றது என்பதை அக்குடும்பம் அன்றே கற்றுக்கொண்டிருக்கும்.

இப்ஸ் என்ற ஊரில், மடாலயக் கோயிலின் ஆர்கனில் சிறுவன் விளையாட்டாய் வாசிக்கத் தொடங்கினான். உணவருந்திக் கொண்டிருந்த துறவிகள் தட்டை விட்டெழுந்து ஓடிவந்து வியந்து நின்றார்களாம். வியன்னாவின் சுங்கச் சாவடியிலோ, சிறுவன் தன் சிறு வயலினில் ஒரு மெட்டு வாசித்து அதிகாரியைத் தன்வயப்படுத்திவிட்டான். பெட்டிகளைச் சோதிக்காமலே அவர் வழிவிட்டார்! இவை யாவும் லியோபோல்டு ஊரிலிருந்த தம் வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதங்களால் நமக்குத் தெரிய வருகின்றன.

அக்டோபர் 13 அன்று ஷான்பிரன் அரண்மனையில் பேரரசி மேரி தெரசாவின் முன் கச்சேரி நடந்தது. வாசித்து முடித்த சிறுவன் துள்ளிச் சென்று பேரரசியின் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டான் என்பது தந்தையின் கடிதத்தில் உள்ள செய்தி. பளிங்குத் தரையில் வழுக்கி விழுந்தவனைத் தூக்கிவிட்ட இளவரசி மேரி அன்டாய்னெட்டை மணந்துகொள்வதாக அவன் வாக்களித்தான் என்றும் ஒரு கதை உண்டு. அழகிய கதைதான், ஆனால் அக்காலக் கடிதங்களில் அதற்குச் சான்று இல்லை. வரலாற்று மாணவர்கள் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாகாது.

பேரரசி நூறு டுகாட்டும் அரச குழந்தைகளின் பட்டாடைகளும் வழங்கினார். ஆனால் சில நாட்களுக்குள் சிறுவன் காய்ச்சலில் படுத்தான். புகழும் நோயும் ஒரே வண்டியில் பயணம் செய்யும் என்பதற்கு இது முதல் அடையாளம்.

போர் ஓய்ந்தது, வண்டி புறப்பட்டது

ஏழாண்டுப் போரின் காரணங்களையும் விளைவுகளையும் நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். அப்போர் 1763 பிப்ரவரியில் முடிந்ததால்தான் ஐரோப்பாவின் சாலைகள் பயணிகளுக்குப் பாதுகாப்பாயின என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நான்கே மாதங்களில், 1763 ஜூன் 9 அன்று, மொசார்ட் குடும்பம் தன் சொந்த வண்டியில் பெரும் பயணத்தைத் தொடங்கியது. திரும்பி வந்தது 1766 நவம்பர் 29 அன்று. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள்! புறப்படும்போது மகனுக்கு ஏழு வயது. மகளுக்குப் பன்னிரண்டு நிறையவில்லை.

தொடக்கத்திலேயே வாசர்பர்க் நகரருகே வண்டிச் சக்கரம் உடைந்தது. பழுது பார்க்கும்வரை சும்மா இருப்பானேன் என்று தந்தை மகனைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, ஆர்கனின் கால் விசைகளை எப்படி இயக்குவது என்று விளக்கினார். சிறுவன் இருக்கையைத் தள்ளிவிட்டு நின்றபடியே, பல மாதம் பழகியவன் போல் வாசித்தான். சக்கரம் உடைந்த நாளும் பாட நாளாயிற்று! அக்குடும்பத்தின் பயணம் முழுவதற்கும் இந்நிகழ்ச்சி ஓர் எடுத்துக்காட்டு எனலாம்.

அக்காலத்தில் ஓர் இசைக்கலைஞர் ஊர் சுற்றிச் சம்பாதிப்பது எப்படி? முன்பே ஒப்பந்தம் செய்து முன்பணம் தருவார் எவருமில்லை. கையில் அறிமுகக் கடிதங்களுடன் ஒரு நகரை அடைய வேண்டும். நல்ல விடுதியில் தங்கி, நல்ல உடை உடுத்தி, மதிப்பாகத் தோன்ற வேண்டும். அரண்மனை அழைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அழைப்பு வராத நாட்களிலும் விடுதிச் செலவு நிற்காது. அழைப்பு வந்து வாசித்த பின்னும் பணம்தான் கிடைக்கும் என்பதில்லை. பொடி டப்பியும் கடிகாரமும் மோதிரமும் கிடைக்கும்! ஆகன் நகரில் பிரஷ்ய மன்னரின் தங்கை சிறுவனை வாரி அணைத்து முத்தங்களைப் பொழிந்தார். காசு எதுவும் தரவில்லை. முத்தங்களை விடுதிக்காரரும் வண்டிக்காரரும் வாங்கிக்கொள்வதில்லையே என்று லியோபோல்டு நொந்துகொண்டார்.

பொதுமக்களுக்குக் கச்சேரி நடத்துவது மற்றொரு வழி. மண்டபத்திற்கு வாடகை, மெழுகுவத்திச் செலவு, உடன் வாசிப்போர் ஊதியம், செய்தித்தாள் விளம்பரம் எல்லாம் கலைஞரின் பொறுப்பே. பிராங்பர்ட் நகரில் 1763 ஆகஸ்டில் நடந்த இத்தகைய கச்சேரி ஒன்றைப் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் வந்து கேட்டான். அவனே பின்னாளில் ஜெர்மானிய மகாகவி கெதேயாகப் புகழ் பெற்றான். முதுமையிலும் அந்தச் சின்னஞ்சிறு கலைஞனின் தோற்றத்தை அவர் மறக்கவில்லை.

குலுங்கும் வண்டியில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் சிறுவன் என்ன செய்வான்? வோல்ப்காங் மனத்துக்குள் ஒரு நாட்டைப் படைத்தான். குழந்தைகள் மட்டுமே வாழும் அந்நாட்டுக்கு அவனே அரசன்! நகரங்களுக்கு அவன் பெயர் சொல்லச் சொல்ல, உடன் வந்த பணியாள் அதன் நிலப்படத்தை வரைந்து கொடுத்தானாம். இதை நமக்குச் சொல்பவர் அக்காள் நான்னெர்ல். இப்பகுதியைப் படித்தபோது என் நெஞ்சு கனத்தது. பேரரசர்கள் முன் வாசித்த அச்சிறுவனுக்கு விளையாடத் தோழர்கள் இல்லை. அதனால் ஒரு நாட்டையே கற்பனையில் உண்டாக்கிக் கொண்டான் போலும்.

பாரிசும் லண்டனும்

1763 நவம்பரில் பாரிஸ். 1764 புத்தாண்டு நாளன்று வெர்சேல்ஸ் அரண்மனையில் பதினைந்தாம் லூயி மன்னரின் விருந்தைக் காணும் பேறு கிடைத்தது. சிறுவன் அரசியின் அருகில் நின்று அவருடன் ஜெர்மன் மொழியில் பேசி, அவர் அளித்த தின்பண்டங்களைச் சுவைத்தான். அவனுடைய இசைப் படைப்புகள் முதன்முதலாக அச்சேறியதும் பாரிஸில்தான். அப்போது வயது எட்டு!

1764 ஏப்ரலில் கடல் கடந்து லண்டன் சேர்ந்தார்கள். கப்பல் பழக்கமில்லாததால் வழியெல்லாம் வாந்தியும் மயக்கமும். ஆனால் லண்டன் வந்த சில நாட்களிலேயே மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் அழைப்பு வந்தது. ஜூன் 5 அன்று நடந்த பொதுக் கச்சேரியில் மூன்று மணி நேரத்தில் நூறு கினி ஈட்டியதைத் தந்தை பெருமையுடன் ஊருக்கு எழுதினார்.

அக்கோடையில் லியோபோல்டு கடும் நோயுற்றார். அமைதி வேண்டிக் குடும்பம் செல்சி என்ற கிராமப்புறத்திற்குக் குடிபெயர்ந்தது. நோயாளி இருக்கும் வீட்டில் கருவிகளைத் தொடக்கூடாது. வாசிக்க முடியாத சிறுவன் எழுத உட்கார்ந்தான். பல கருவிகள் சேர்ந்து ஒலிக்கும் சிம்பொனியை எழுதினான். அருகில் அமர்ந்து படியெடுத்து உதவியவர் அக்காள்தான். மேலும், லண்டனில் அப்போது வாழ்ந்த யோகான் கிறிஸ்டியன் பாக் என்ற இசையறிஞர் சிறுவனைத் தம் மடியில் அமர்த்தி, இருவரும் மாறி மாறி ஒரே கருவியில் வாசித்தார்கள். அவருடைய இசையின் மென்மை மொசார்ட்டின் படைப்பில் இறுதிவரை நிலைத்தது என்று இசை வல்லுநர் கூறுவர்.

டெயின்ஸ் பாரிங்டன் என்ற அறிஞர் 1765-இல் சிறுவனைத் தேர்வு செய்தார். முன்பின் பார்த்திராத இசைத்தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கோபம், காதல் முதலிய உணர்ச்சிகளுக்கு உடனுக்குடன் பாட்டமைக்கச் சொன்னார். எல்லாவற்றிலும் வென்ற சிறுவன், பூனை ஒன்று உள்ளே வந்ததும் கருவியை விட்டு அதன்பின் ஓடிவிட்டான். குச்சியைக் குதிரையாக்கி அறையைச் சுற்றி ஓடினான். வயதில் ஏமாற்று இருக்குமோ என்று ஐயுற்ற பாரிங்டன், சால்ஸ்பர்க்கிலிருந்து பிறப்புப் பதிவின் நகலை வரவழைத்துப் பார்த்த பிறகே தம் அறிக்கையை ராயல் சொசைட்டிக்கு அளித்தார். சான்று தேடும் மனப்பான்மைக்கு இதனினும் சிறந்த பாடம் உண்டோ?

ஆனால் புதுமை நெடுநாள் விலைபோவதில்லை. 1765 கோடையில் அதே குழந்தைகள் லண்டன் மதுக்கடை ஒன்றின் கூடத்தில், நாள்தோறும் நண்பகல் முதல் மூன்று மணி வரை, தலைக்கு இரண்டரை ஷில்லிங் கட்டணத்தில் வாசித்தார்கள். விசைகளைத் துணியால் மூடிவிட்டு வாசித்துக் காட்டுவதும் நிகழ்ச்சியில் ஒன்று. அரண்மனையில் தொடங்கிய லண்டன் வாழ்க்கை மதுக்கடையில் முடிந்தது.

வழியெல்லாம் நோய்

திரும்பும் வழியில் ஹாலந்து. 1765 இலையுதிர் காலத்தில் ஹேக் நகரில் நான்னெர்ல் டைபாய்டு காய்ச்சலில் வீழ்ந்தாள். மரணத் தறுவாயில் செய்யும் இறுதிச் சடங்கும் அவளுக்குச் செய்யப்பட்டது. அவள் தேறி எழுந்த சில நாட்களில் தம்பி படுத்தான். பேச்சும் இழந்து, எலும்பும் தோலுமாகி, வாரக்கணக்கில் கிடந்து பிழைத்தான்.

1767-இல் மீண்டும் வியன்னா சென்றபோது அந்நகரில் பெரியம்மை பரவியிருந்தது. பேரரசியின் மகளே அந்நோய்க்குப் பலியானார். லியோபோல்டு குழந்தைகளுடன் தப்பி ஓடினார். ஆயினும் ஓல்மூட்ஸ் நகரில் வோல்ப்காங்கிற்கு அம்மை கண்டது. ஒன்பது நாட்கள் சிறுவனால் கண் திறந்து பார்க்க இயலவில்லை. அந்நகரக் கோயிலின் தலைவரான பிரபு ஒருவர், தொற்று நோய் என்று அஞ்சாமல் அவர்களைத் தம் இல்லத்தில் வைத்துக் காப்பாற்றினார். பாரிஸில் இருந்தபோதே அம்மைப்பால் வைத்துக்கொள்ளுமாறு பலர் வற்புறுத்தியும் தந்தை மறுத்திருந்தார். ஜென்னரின் தடுப்பூசி வருவதற்கு முந்திய காலம் அது. அன்றைய முறையில் ஆபத்தும் இருந்தது. ஆகவே அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் குழந்தைகளின் உடல்நலத்தை விலையாகக் கொடுத்தே அப்பயணங்கள் நடந்தன என்பதை மறைக்கவும் முடியாது.

இத்தாலியின் கொடை

1769 டிசம்பரில் தந்தையும் மகனும் இத்தாலிக்குப் புறப்பட்டனர். இம்முறை நான்னெர்ல் இல்லை. பதினெட்டு வயது நிரம்பிய பெண் ஊர் ஊராக வாசித்துத் திரிவது முறையன்று என்பது அக்காலச் சமுதாயத்தின் எண்ணம். அவள் தாயுடன் வீட்டில் நின்றாள்.

1770 புனித வாரத்தில் ரோம் அடைந்தார்கள். சிஸ்டைன் கோயிலில் மட்டுமே பாடப்பட்டு, வெளியே படி கொடுப்பது கட்டுப்படுத்தப்பட்டிருந்த அல்லேக்ரியின் பாடலை ஒருமுறை கேட்டுவிட்டு, விடுதிக்கு வந்து நினைவிலிருந்து எழுதினான் பதினான்கு வயது வோல்ப்காங். மறுமுறை கேட்டபோது சிறு திருத்தங்கள் செய்தான். போப்பாண்டவர் பதினான்காம் கிளெமெண்ட் அவனுக்குப் பொற்குதிமுள் வீரர் என்ற விருதை வழங்கினார்.

நேப்பிள்சிலிருந்து ரோமுக்குத் திரும்பியபோது இருபத்தேழு மணி நேரம் விடாது வண்டியோட்டி வந்தார்கள். வழியில் குதிரை மிரண்டு வண்டி சாய்ந்தது. தந்தை கையை நீட்டி மகன் விழாமல் தடுத்தார். அவருடைய கால் எலும்பின் மேல் தோல் கிழிந்தது. அறை சேர்ந்ததும் மகன் உண்ணாமலே நாற்காலியில் உறங்கிவிட, காயமுற்ற தந்தை அவன் உடைகளைக் களைந்து படுக்கையில் கிடத்தினார். லியோபோல்டைப் பணம் பண்ணும் தந்தை என்று ஏசுவோர் இக்காட்சியையும் நினைவில் கொள்ள வேண்டும்.

1770 டிசம்பர் 26 அன்று மிலான் நகரில் மொசார்ட்டின் இசை நாடகம் அரங்கேறியது. பதினைந்து வயது நிரம்பாத சிறுவனே கருவியின் முன் அமர்ந்து நடத்தினான். இருபதுக்கும் மேற்பட்ட முறை அது மேடையேறியது. மேலும் இருமுறை இத்தாலி சென்று வந்தான். குரலுக்கு ஏற்ப இசையமைக்கும் கலையை இத்தாலியச் சாலைகளே அவனுக்குக் கற்றுத் தந்தன.

தாயை இழந்த பயணம்

1772-இல் சால்ஸ்பர்க்கிற்குப் புதிய பேராயர் வந்தார். பணியாளர் ஊர் சுற்றுவதை அவர் விரும்பவில்லை. 1777-இல் மொசார்ட் விடுப்பு வேண்டி விண்ணப்பிக்க, வேலையே போயிற்று. தந்தையால் வெளியேற இயலாது. எனவே செப்டம்பர் 23 அன்று தாயைத் துணையாகக் கொண்டு, நிலையான வேலை தேடிப் புறப்பட்டார் இருபத்தொரு வயது இளைஞர் மொசார்ட்.

மூனிச்சில் காலியிடம் இல்லை. மான்ஹைமில் ஐரோப்பாவின் தலைசிறந்த இசைக்குழுவைக் கேட்டு மகிழ்ந்தார். கிளாரினெட் கருவியின் அழகை அங்கே உணர்ந்தார். வேலை மட்டும் கிடைக்கவில்லை. அன்பளிப்பாகப் பணத்தை எதிர்பார்த்தவருக்கு ஐந்தாவது கடிகாரம் கிடைத்தது! அதிசயக் குழந்தையை எல்லாரும் கொஞ்சினார்கள். வேலை கேட்டு வந்த வாலிபரை யாரும் பொருட்படுத்தவில்லை.

மான்ஹைமோடு ஊர் திரும்புவதாக இருந்த தாய், மகனைத் தனியே விட மனமின்றிப் பாரிஸ் வரை சென்றார். 1778 மார்ச்சில் அங்கே சேர்ந்தார்கள். தங்கிய அறையில் வெயில் எட்டிப் பார்க்காது. படிக்கட்டு மிகக் குறுகல். இசைக்கருவியை மேலே ஏற்ற வழியில்லை. எனவே மகன் வெளியே சென்று எழுத வேண்டியிருந்தது. மொழி தெரியாத ஊரில், இருண்ட அறையில், நாளெல்லாம் தனியே இருந்தார் அத்தாய். ஜூன் மாதம் நோயுற்றார். 1778 ஜூலை 3 இரவு மகன் கண் முன்னே உயிர் நீத்தார்.

அன்றிரவே மொசார்ட் இரண்டு கடிதங்கள் எழுதினார். தந்தைக்கு எழுதியதில், அன்னை மிகவும் நோயுற்றிருக்கிறார் என்று மட்டும் குறிப்பிட்டார். ஊரிலிருந்த குடும்ப நண்பரான பாதிரியாருக்கு எழுதியதில் உண்மையைச் சொல்லி, தந்தையின் மனத்தை மெல்ல ஆயத்தப்படுத்துமாறு வேண்டினார். அயல்நாட்டில், இரவில், தாயின் உடலருகே, இப்படிச் சிந்தித்துச் செயல்பட்டவருக்கு வயது இருபத்திரண்டு. நம்மில் பலரைவிட ஓரிரண்டு வயதே மூத்தவர்! அவருடைய சிம்பொனிகள் எனக்குப் புரியாமல் போகலாம். அந்த இரு கடிதங்கள் புரிகின்றன.

தாயைப் பாரிஸ் மண்ணில் அடக்கம் செய்துவிட்டு, தந்தையின் தலையில் கடனும் ஏற்றிவிட்டு, 1779 ஜனவரியில் வெறுங்கையுடன் பழைய பேராயரின் பணிக்கே திரும்பினார்.

இறுதிச் சாலைகள்

1781-இல் பேராயருடன் வியன்னாவில் தங்கியபோது, சாப்பாட்டு மேசையில் ஏவலர்களுடனும் சமையற்காரர்களுடனும் அமர வைக்கப்பட்டார். மன்னர்களோடு உரையாடியவர் அதைப் பொறுப்பாரா? வேலையை உதறினார். பேராயரின் அதிகாரி ஒருவர் அவரைக் காலால் உதைத்து வெளியே தள்ளினார். அன்று முதல் வியன்னாவில் தம் உழைப்பை நம்பி வாழ்ந்தார். 1782-இல் கான்ஸ்டான்சே என்ற பெண்ணை மணந்தார்.

1783-இல் மனைவியைத் தந்தைக்குக் காட்ட சால்ஸ்பர்க் சென்றனர். பிறந்து சில வாரங்களே ஆன முதல் குழந்தையைச் செவிலியிடம் வியன்னாவில் விட்டுச் சென்றார்கள். அவர்கள் ஊரில் இருந்த ஆகஸ்டு 19 அன்று அக்குழந்தை இறந்தது. திரும்பும் வழியில் அக்டோபர் 30 அன்று லின்ஸ் நகரை அடைந்தபோது, நவம்பர் 4 அன்று கச்சேரி என்று அறிந்தார். கையில் சிம்பொனி எதுவும் இல்லை. அந்தச் சில நாட்களுக்குள் புதிதாக ஒன்றை எழுதி முடித்தார்! அது இன்றும் லின்ஸ் சிம்பொனி என்ற ஊர்ப் பெயராலேயே வழங்குகிறது.

பிராக் நகரம் மட்டும் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. 1787 அக்டோபர் 29 அன்று டான் ஜியோவான்னி இசை நாடகம் அங்கே அரங்கேறியது. அதே ஆண்டு மே 28 அன்று தந்தை சால்ஸ்பர்க்கில் காலமாகியிருந்தார். மகன் அருகில் இல்லை.

1789-இல் பெர்லின் வரை சென்று வந்தார். கொண்டு வந்த பணம் சொற்பம். ஆனால் வழியில் லைப்சிக் நகரில், மறைந்த பேரறிஞர் செபாஸ்டியன் பாக்கின் பாடலைக் கேட்டு, அதன் தாள்களை வாங்கிச் சுற்றிலும் பரப்பி வைத்துக்கொண்டு, மாணவனைப் போல் படித்தார். 1790-இல் வெள்ளிப் பாத்திரங்களை அடகு வைத்து, பேரரசரின் முடிசூட்டு விழாவுக்காகப் பிராங்பர்ட் போனார். இளவரசர் ஒருவரின் விருந்தும் படை அணிவகுப்பும் கூட்டத்தை ஈர்த்துவிட, அவருடைய கச்சேரிக்கு வந்தோர் சிலரே. ஏழு வயதில் மக்கள் முண்டியடித்துக் கேட்ட அதே நகரம்!

1791 ஆகஸ்டு இறுதியில் மீண்டும் பிராக். ஒரு முடிசூட்டு விழா நாடகத்திற்கான இசையை, ஓடும் வண்டியிலேயே எழுதத் தொடங்கினார் என்பர். அதுவே கடைசிப் பயணம். 1791 டிசம்பர் 5 அன்று வியன்னாவில் காலமானார். வயது முப்பத்தைந்து. அக்கால வழக்கப்படி நகருக்கு வெளியே பொது இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். கல்லறை இன்ன இடம் என்று எவராலும் சுட்ட இயலவில்லை.

வீட்டில் நின்றவர்

இப்போது பட்டிமன்றத் தலைப்புக்கு வருவோம். லண்டனின் மென்மை, இத்தாலியின் பாட்டு, மான்ஹைமின் இசைக்குழு, லைப்சிக்கின் பேரறிவு ஆகிய யாவும் அவருக்குச் சாலையில் கிடைத்த செல்வங்கள். சால்ஸ்பர்க்கிலேயே இருந்திருந்தால் இவை கிடைத்திருக்குமா? அவரே, பயணம் செய்யாத கலைஞன் இரங்கத்தக்கவன் என்ற கருத்தினர். அப்படியானால் சாலைதான் மேதையை உருவாக்கியது என்று முடிவு கட்டிவிடலாமா?

இங்குதான் நான்னெர்லை நினைக்கிறேன். அதே தந்தை, அதே பாடம், அதே வண்டி. பெரும் பயணத்தின் விளம்பரங்களில் இருவர் பெயரும் சேர்ந்தே இருந்தன. அவளும் இசை அமைத்தாள். அதைப் பாராட்டித் தம்பி இத்தாலியிலிருந்து கடிதம் எழுதினார். ஆனால் அவள் படைத்தவற்றில் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. பதினெட்டு வயதில் அவளுக்குச் சாலை அடைக்கப்பட்டது. 1784-இல், முன்பே ஐந்து குழந்தைகளுக்குத் தந்தையான ஓர் அதிகாரிக்கு வாழ்க்கைப்பட்டு, சிற்றூர் ஒன்றில் காலம் கழித்தாள். கணவர் மறைந்தபின் சால்ஸ்பர்க் திரும்பி, பிள்ளைகளுக்கு இசை கற்பித்தாள். கண்பார்வை இழந்து, 1829-இல் மறைந்தாள்.

தம்பியின் அளவுக்கு அவள் உயர்ந்திருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. உயர்ந்திருப்பாளா மாட்டாளா என்று அறியும் வாய்ப்பையே உலகம் இழந்துவிட்டது என்பதுதான் என் வருத்தம். தந்தையின் நூற்றுக்கணக்கான பயணக் கடிதங்களைக் காத்து, தம்பியின் வரலாற்றை எழுதுவோருக்குக் கொடுத்தவளும் அவளே. உடைந்த சக்கரமும், பூனையும், மனத்துள் கட்டிய குழந்தைகள் நாடும், இருண்ட அறையும் நமக்குத் தெரிகின்றன என்றால், வீட்டில் நின்ற அந்தப் பெண்ணுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

விதை நல்லதாய் இருக்கலாம். நிலமும் நீரும் வேண்டும். ஒரு விதைக்கு வாய்த்தது மற்றொன்றுக்கு மறுக்கப்பட்டது. நம் வகுப்பிலும் திறமையிருந்தும் இடையில் நின்றுவிட்ட தோழர், தோழியர் சிலரேனும் இருப்பர். அடுத்த பட்டிமன்றத்தில் இத்தலைப்பு வரும்போது, மேதை பிறக்கிறானா உருவாக்கப்படுகிறானா என்று கேட்பதோடு, யாருக்கு வழி அடைக்கப்பட்டது என்றும் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். நான் பேச்சாளன் அல்லன். எனினும் அன்று அக்கேள்வியைக் கேட்க ஆயத்தமாய் இருக்கிறேன்.